பழைய செவ்ரலே பிக்கப்பில் ஹைட்ராலிக் டேப்பட் செட்டிங்: ஜீரோவை விரலால் பிடிப்பது எப்படி

லாரிப் பட்டறையில் தொழில் கற்றவன் நான். டேப்பட் செட்டிங், அதாவது வால்வைத் திறக்கும் பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைச் சரிசெய்வது, என்றால் எனக்கு ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடுதான். வால்வை அமுக்கித் திறக்கும் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே தகட்டை நுழைத்து, லேசாகப் பிடிக்கும்படி திருகை வைத்து, லாக் நட்டை இறுக்கினால் வேலை முடிந்தது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போன புதிதில் ஒரு பழைய செவ்ரலே பிக்கப் வந்தது. அதையும் அதே மாதிரி தகடு வைத்து 16 வால்வுக்கும் இடைவெளி விட்டுக் கட்டினேன். ஸ்டார்ட் செய்ததும் நான்கைந்து தையல் மிஷின் ஒன்றாக ஓடுவதுபோல் சத்தம். ஃபோர்மேன் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, அந்தத் தகட்டை முதல்ல டப்பாவுக்குள்ள வை" என்றார்.

இந்த வண்டியில் டேப்பட் என்பது உள்ளே ஆயில் நிரம்பி வேலை செய்யும் ஹைட்ராலிக் லிஃப்டர். அதில் அளக்க வேண்டிய இடைவெளியே இல்லை. இடைவெளி ஜீரோவாகும் இடத்தை விரலால் உணர்ந்து பிடித்து, அதற்கு மேல் ஒரு குறிப்பிட்ட அளவு ராக்கரின் நட்டை இறக்க வேண்டும். ஜீரோவைச் சரியாகப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். தப்பாகப் பிடித்தால் பிறகு எவ்வளவு கவனமாகச் செய்தாலும் வீண்.

எந்த எஞ்சினுக்கு இது

நான் சொல்லப்போவது செவ்ரலே ஸ்மால் பிளாக் வி8 பற்றி. 1955-ல் 265 கன அங்குலத்தில் தொடங்கிய குடும்பம் இது. 1967-ல் வந்த 350, அதாவது 5.7 லிட்டர், பல ஆண்டுகள் பிக்கப்களில் ஓடியது. 305, 307, 327 எல்லாமும் அதே அமைப்புதான். அந்தக் கால செவ்ரலே ஆறு சிலிண்டர் 250, 292 எஞ்சின்களுக்கும் முறை இதுவே. ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, மட்டும் 1-5-3-6-2-4.

எல்லா பழைய அமெரிக்க எஞ்சினிலும் இப்படி செட் செய்ய முடியும் என்று நினைக்க வேண்டாம். வால்வுகளை மூடியிருக்கும் கவரைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு ராக்கரின் நடுவிலும் ஒரு ஸ்டட் நின்று, அதன் மரை நட்டுக்கு மேலும் கீழும் நீண்டிருந்து, நட்டு எந்த இடத்திலும் கெட்டியாகவே சுற்றினால் அது செட் செய்யக்கூடியது. ஃபோர்டின் பல வி8-களில் இருப்பதுபோல் ராக்கரை ஒரு போல்ட் அடிமட்டம் வரை இறுக்கிப் பிடித்திருந்தால் அங்கே திருக எதுவும் இல்லை. அதில் லிஃப்டருக்கும் ராக்கருக்கும் நடுவே நிற்கும் கம்பியான புஷ் ராட்டின் நீளத்தை மாற்றித்தான் சரிசெய்ய முடியும்.

லிஃப்டருக்குள் நடப்பது

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பின்னால் வரும் எல்லாத் தப்புக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது.

லிஃப்டர் என்பது கேம் ஷாஃப்டின் மேல் உட்கார்ந்து புஷ் ராட்டைத் தூக்கும் பாகம். வெளியே ஒரு உருளை, உள்ளே மேலும் கீழும் நகரும் ஒரு பிளஞ்சர். பிளஞ்சருக்கு அடியில் ஒரு சின்ன ஸ்பிரிங்கும், ஆயிலை ஒருவழியாக மட்டும் விடும் ஒரு செக் வால்வும் உண்டு. வால்வு மூடியிருக்கும்போது ஸ்பிரிங் பிளஞ்சரை மேலே தள்ளி, புஷ் ராட்டுக்கும் ராக்கருக்கும் உள்ள இடைவெளியை இல்லாமல் செய்கிறது. அந்த நேரத்தில் ஆயில் பாதையான கேலரியிலிருந்து ஆயில் பிளஞ்சருக்கு அடியில் வந்து நிரம்புகிறது. கேம் மேடு லிஃப்டரைத் தூக்கத் தொடங்கியதும் செக் வால்வு மூடிக்கொள்கிறது. சிக்கிய ஆயில் அமுங்காது. இரும்பு மாதிரி நின்று வால்வைத் திறக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் துளி ஆயில் ஓரமாகக் கசியும், அடுத்த சுற்றில் நிரம்பும். எஞ்சின் சூடாகி எல்லாம் விரிந்தாலும் லிஃப்டர் தானே ஈடுகட்டிக்கொள்ளும்.

நம் நட்டின் வேலை, பிளஞ்சர் தன் ஓட்டத்தில் எங்கே உட்கார வேண்டும் என்று முடிவு செய்வது மட்டும்தான். உச்சியில் அதைத் தடுக்கும் லாக்கில் இடித்து நின்றால் இடைவெளி விழுந்து சத்தம் வரும். அடிமட்டத்தில் இடித்தால் வால்வு முழுதாக மூடாது. உச்சியிலிருந்து கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். அந்தக் 'கொஞ்சம்'தான் முன்னழுத்தம்.

நட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் பிளஞ்சர் எவ்வளவு இறங்கும்? ஸ்டட் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. ஒரு சுற்றுக்கு நட்டு 1.06 மி.மீ. இறங்கும். பலர் இதையே பிளஞ்சரின் இறக்கம் என்று நினைக்கிறார்கள். ராக்கர் ஒரு நெம்புகோல் என்பதை மறந்துவிடுகிறார்கள். வால்வு முனை நகராமல் நிற்க, நடுப்புள்ளி இறங்கினால் மறுமுனை அதைவிட அதிகமாக இறங்கும். இந்த ராக்கரின் விகிதம் 1.5. கணக்குப் போட்டால் புஷ் ராட் பக்கம் சுமார் 1.75 மி.மீ. வருகிறது. அரைச் சுற்றுக்கே கிட்டத்தட்ட 0.9 மி.மீ.

செவ்ரலேயின் பழைய சர்வீஸ் புத்தகத்தில் ஜீரோவுக்கு மேல் ஒரு முழுச் சுற்று என்றுதான் இருக்கிறது. இன்று பெரும்பாலோர் அரைச் சுற்றில் நிறுத்துகிறார்கள். நானும் அரைச் சுற்றுதான் வைப்பேன். ஜீரோவைப் பிடிப்பதில் கை கொஞ்சம் தவறினாலும் அடிமட்டத்தில் இடிக்க இடம் விடாது. முழுச் சுற்று வைத்தாலும் தப்பில்லை. ஆனால் 16-க்கும் ஒரே அளவு வைக்க வேண்டும்.

முதலில் காது

'டிக் டிக்' என்று கேட்டதும் கவரைக் கழற்றுகிறவர்கள் அதிகம். பாதி நேரம் டேப்பட்டில் கோளாறே இருக்காது.

டைமிங் லைட்டை 1-ஆம் சிலிண்டர் வயரில் மாட்டுங்கள். கிராங்க் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அது மின்னும். ஒரு வால்வின் சத்தமும் அதே கணக்கில்தான் வரும். மின்னலுக்கு ஒரு அடி என்று சேர்ந்து வந்தால் மேல்பக்க விஷயம். மின்னலுக்கு இரண்டு அடி என்றால் கிராங்க் பக்கம் தேட வேண்டும், டேப்பட்டை விட்டுவிடுங்கள்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒழுக்கு இருந்தாலும் அதே தாளம்தான் கேட்கும். இந்த எஞ்சின்களில் மேனிஃபோல்டின் ஓரத்து போல்ட்கள் உடைவது சகஜம். குளிரில் சத்தமாகவும் சூடானதும் குறைந்தும் கேட்டால், ஜாயிண்ட்டில் கருப்புக் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், எஞ்சினின் வலப்பக்க முன்பகுதியில் இருக்கும் ஃபியூயல் பம்பும் கேம் ஷாஃப்டிலிருந்துதான் ஓடுகிறது. அது தேய்ந்தாலும் அச்சு அசல் டேப்பட் சத்தம். நீளமான ஸ்குரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையை ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பாருங்கள். ஃபேன் பக்கம் கையும் சட்டையும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி தட்டிவிட்டு அடங்கினால் அது இரவில் ஆயில் இறங்கிப்போன லிஃப்டர். அதற்கு நட்டைத் தொடக் கூடாது. ஆயில், ஃபில்டர் இரண்டையும் மாற்றிப் பாருங்கள். ஆயில் அளவு குறிக்கு மேலே இருந்தாலும் கிராங்க் அதை அடித்து நுரையாக்கும், நுரை லிஃப்டருக்குள் போனால் அது அமுங்கும், சத்தம் வரும். எனக்குத் தெரிந்து ஒரு வண்டியில் இதற்காக இரண்டு முறை டேப்பட் செட் செய்திருந்தார்கள். வடித்த ஆயில் ஒன்றரை லிட்டர் அதிகமாக இருந்தது.

ஆயில் பிரஷரையும் பாருங்கள். சூடான எஞ்சினில் 1000 ஆர்.பி.எம்.-க்கு 10 பி.எஸ்.ஐ. என்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு. அதைவிட மிகவும் குறைவாக இருந்தால் லிஃப்டரைக் குறைசொல்லிப் பயனில்லை.

கவரைத் திறப்பது

எஞ்சின் குளிர்ந்திருக்கட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விடுங்கள். ஏர் கிளீனரைக் கழற்றுங்கள். பிளக் வயர்களில் எண் எழுதிவிட்டு எட்டு பிளக்கையும் கழற்றுங்கள். பிளக் இல்லாவிட்டால் கிராங்க் போல்ட்டில் 5/8 சாக்கெட் போட்டு ஒரு கையாலேயே எஞ்சினைச் சுற்றலாம். முன்னாலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றுங்கள். ஸ்டார்ட்டரைத் தட்டித் தட்டிச் சுற்றுவதை நான் விரும்புவதில்லை. வேண்டிய இடத்தில் அது நிற்காது.

கவர் போல்ட் 7/16. ஒட்டிக்கொண்டிருந்தால் மரச் சுத்தியால் பக்கவாட்டில் தட்டுங்கள். ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினால் தகரத்தின் ஓரம் வளைந்து, பிறகு எந்தப் பாக்கிங்கும் ஆயிலைப் பிடிக்காது.

திறந்ததும் ஹெட்டில் ஆயில் வடியும் ஓட்டைகளில் சுத்தமான துணியைச் செருகுங்கள். நட்டு ஒன்று அதில் விழுந்தால் அன்றைய நாள் போயிற்று. வேலை முடிந்து துணியை எடுக்க மறப்பது அதைவிட மோசம். எத்தனை துணி வைத்தோம் என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

செட்டிங்குக்கு முன் ஒரு நிமிடம் கண்ணால் பாருங்கள். நட்டை ஸ்பானர் இல்லாமல் விரலாலேயே சுற்ற முடிகிறதா? அதன் பிடிப்பு போய்விட்டது. புது நட்டு போடுங்கள். ராக்கர் நடுவில் இருக்கும் பந்து நீலம் பாய்ந்திருந்தால் ஆயில் போகவில்லை என்று அர்த்தம். பிறகு ஸ்டட்களின் தலைமேல் நேரான ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். பெரும்பாலான பழைய ஹெட்களில் ஸ்டட் ஹெட்டுக்குள் மரையில் திருகியதல்ல, அழுத்திச் செருகியது. ஒன்று மட்டும் உயர்ந்து நின்றால் அது பிடுங்கிக்கொண்டு வருகிறது. அதை எத்தனை தடவை செட் செய்தாலும் சில நாளில் மறுபடி தட்டும்.

ஜீரோவைப் பிடிப்பது

முதலில் அந்த வால்வின் லிஃப்டர், கேமின் மேட்டில் ஏறாமல் வட்டப் பகுதியில் நிற்க வேண்டும். அந்த நிலைக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கை வேலை.

5/8 சாக்கெட்டால் நட்டைத் தளர்த்துங்கள். ராக்கர் லொடலொடவென்று ஆட வேண்டும். இடது கையின் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் புஷ் ராட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். மிகச் சின்ன ஆட்டம் போதும். ஆட்டிக்கொண்டே வலது கையால் நட்டை மெதுவாக இறக்குங்கள். ஆட்டம் குறைந்துகொண்டே வரும். கடைசியில் 'டிக்' என்ற தட்டல் விரலில் நின்றுவிடும். அதுதான் ஜீரோ.

புஷ் ராட்டை விரலால் உருட்டிக்கொண்டே, உருளுவது கனமாகும் இடத்தை ஜீரோ என்று எடுத்துக்கொள்ளச் சிலர் சொல்வார்கள். ஆயில் நிரம்பிய லிஃப்டரில் அது ஓரளவு சரிவரும். ஆயில் இறங்கிப்போன லிஃப்டரில் காலை வாரிவிடும். பிளஞ்சருக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங் அவ்வளவு மெலிது. ஜீரோவைத் தாண்டி ஒன்றரைச் சுற்று போனபிறகும் புஷ் ராட் சிரமமில்லாமல் உருளும். கனமாகும்வரை இறக்கி, அதற்கு மேல் இன்னும் ஒரு சுற்று வைத்தால் பிளஞ்சர் அடிமட்டத்தில் உட்கார்ந்துவிடும். ஸ்டார்ட் செய்தால் கம்ப்ரெஷன் இருக்காது, கார்புரேட்டர் வழியாகத் தும்மும். அப்படியே ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு கருகும். உருட்டாதீர்கள், ஆட்டுங்கள்.

ஜீரோ கிடைத்ததும் நட்டின் மேல் சாக்பீஸாலோ பெயிண்டாலோ ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி முன்பக்கம் பார்த்திருந்தால் அது பின்பக்கம் வரும்வரை சுற்றுங்கள். அரைச் சுற்று முடிந்தது. வேறு அளவுக் கருவி எதுவும் வேண்டாம். உள்ளே ஆயில் நிரம்பியிருந்தால் இந்த அரைச் சுற்றில் வால்வு சற்றுத் திறந்து நிற்கலாம். பதற வேண்டாம், சில நிமிடத்தில் ஆயில் கசிந்து தானே மூடும். அதற்குள் அவசரப்பட்டு எஞ்சினைச் சுற்றாதீர்கள்.

எந்த வால்வு, எப்போது

ஓட்டுநர் இடப்பக்கம் உட்காரும் வண்டியில் அவர் பக்கத்து வரிசை முன்னாலிருந்து 1, 3, 5, 7. மறுபக்கம் 2, 4, 6, 8. ஃபயரிங் ஆர்டர் 1-8-4-3-6-5-7-2. ஒவ்வொரு ஹெட்டிலும் முன்னாலிருந்து பின்னுக்கு வால்வுகளின் வரிசை: எக்ஸாஸ்ட், இன்டேக், இன்டேக், எக்ஸாஸ்ட், எக்ஸாஸ்ட், இன்டேக், இன்டேக், எக்ஸாஸ்ட். மேனிஃபோல்டைப் பார்த்தாலே புரியும். அதன் குழாய்க்கு நேராக நிற்பதெல்லாம் எக்ஸாஸ்ட்.

புத்தகத்தில் இருப்பது இரண்டு நிலை முறை. கிராங்க் புல்லியின் கோட்டை டைமிங் தகட்டின் ஜீரோவுக்குக் கொண்டுவாருங்கள். கோடு நெருங்கும்போது 1-ஆம் சிலிண்டரின் இரண்டு ராக்கரும் அசையாமல் இருந்தால் 1 ஃபயரிங் நிலையில் இருக்கிறது. அசைந்தால் 6 ஃபயரிங்கில் இருக்கிறது. இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள்.

1 ஃபயரிங் நிலையில் செட் செய்ய வேண்டியவை:
எக்ஸாஸ்ட் 1, 3, 4, 8
இன்டேக் 1, 2, 5, 7

கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றி 6 ஃபயரிங் நிலைக்குக் கொண்டுவந்தபின்:
எக்ஸாஸ்ட் 2, 5, 6, 7
இன்டேக் 3, 4, 6, 8

வேகமான முறைதான். ஆனால் புல்லியின் வெளி வளையம் ரப்பரில் ஒட்டி நிற்கிறது. முப்பது, நாற்பது வருடத்தில் ரப்பர் நைந்து வளையம் நழுவியிருந்தால் கோடு பொய் சொல்லும். யாராவது பெரிய கேம் ஷாஃப்ட் போட்டிருந்தாலும் இந்தப் பட்டியல் பொருந்தாமல் போகலாம். யார் யார் கை வைத்தார்கள் என்று தெரியாத வண்டிக்கு நான் ஒவ்வொரு சிலிண்டராகப் போகும் முறையைத்தான் பின்பற்றுகிறேன். மனப்பாடம் வேண்டாம், கோடும் வேண்டாம்.

ஒரு சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினை மெல்லச் சுற்றி, அதன் எக்ஸாஸ்ட் ராக்கர் இறங்கத் தொடங்கியதும் நிறுத்துங்கள். இப்போது இன்டேக் லிஃப்டர் வட்டப் பகுதியில் நிற்கும். இன்டேக்கை செட் செய்யுங்கள். பிறகு மேலும் சுற்றுங்கள். இன்டேக் முழுதாகத் திறந்து, திரும்பி, கிட்டத்தட்ட மூடும் இடத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். இப்போது எக்ஸாஸ்டை செட் செய்யுங்கள். அடுத்த சிலிண்டர். நேரம் இரண்டு மடங்கு ஆகும், தப்பு வர வாய்ப்பு குறைவு.

இந்த முறையில் இன்னொரு லாபமும் உண்டு. எல்லா ராக்கரும் உங்கள் கண்முன்னே முழு ஓட்டம் ஓடுகின்றன. மற்ற எக்ஸாஸ்ட் ராக்கர்கள் இறங்கும் அளவுக்கு ஒன்று மட்டும் இறங்கவில்லை என்றால் அந்தக் கேம் மேடு தேய்ந்துவிட்டது. 1990-களின் நடுப்பகுதி வரை இந்தப் பிக்கப்களில் இருந்தது தட்டை அடி லிஃப்டர். அது கேமின் மேல் உரசியே ஓடும். அந்த உரசலைத் தாங்க ஆயிலில் துத்தநாகச் சேர்மம் வேண்டும். இன்றைய கார்களுக்கான பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் அதைக் குறைத்துவிட்டார்கள். அதனால்தான் பலர் இந்த எஞ்சினுக்கு 15டபிள்யூ-40 டீசல் எஞ்சின் ஆயில் ஊற்றுகிறார்கள். நம் லாரி ஆயில்தான். தேய்ந்த மேட்டை நட்டால் சரிசெய்ய முடியாது.

ஓடும் எஞ்சினில் செட் செய்வது

பழைய கைகள் இதைத்தான் பெருமையாகச் செய்வார்கள். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, கவர் இல்லாமல் ஸ்லோவில் ஓடவிட்டு, ஒரு நட்டை ராக்கர் தட்டும்வரை தளர்த்தி, தட்டல் நிற்கும்வரை இறக்குவார்கள். அதுதான் ஜீரோ. அதன்பிறகு கால் சுற்று. 10 நொடி காத்திருக்க வேண்டும். எஞ்சின் சற்றுத் திணறி, பிறகு சீராகும். மறுபடி கால் சுற்று. இப்படி வேண்டிய அளவு வரை.

அந்த 10 நொடியை விழுங்கக் கூடாது. ஆயில் கசிய நேரம் கொடுக்காமல் இறக்கினால் வால்வு திறந்தபடியே தொங்கி, பிஸ்டன் வந்து இடித்துப் புஷ் ராட் வளையும்.

துல்லியம் என்று பார்த்தால் இது நல்ல முறைதான். உண்மையான ஜீரோவை எஞ்சினே சொல்கிறது. ஆனால் ராக்கர்கள் ஆயிலை நாலாபக்கமும் வீசும். சூடான மேனிஃபோல்டில் விழுந்து புகை கிளம்பும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். பழைய கவர் ஒன்றின் மேற்பக்கத்தை வெட்டியெடுத்துவிட்டு மாட்டினால் பாதி ஆயில் உள்ளேயே நிற்கும். 16 வால்வுக்கும் இதைச் செய்ய எனக்குப் பொறுமை இல்லை. குளிர்ந்த நிலையில் எல்லாவற்றையும் செட் செய்தபிறகும் ஒன்று மட்டும் தட்டிக்கொண்டிருந்தால், அதற்கு மட்டும் செய்வேன்.

மூடிய பிறகு

துணிகளை எண்ணி எடுங்கள். கவர், ஹெட் இரண்டின் ஓரத்தையும் சுத்தமாகத் துடைத்து, பசையைக் கவர் பக்கம் மட்டும் தடவிப் பாக்கிங்கை ஒட்டுங்கள். போல்ட்டைச் சின்ன ராச்செட்டால் மணிக்கட்டு பலத்தில் இறுக்கினால் போதும். கார்க் பிதுங்கும் அளவுக்கு இறுக்கினால் தகரம் குழிந்து அங்கேதான் முதலில் ஒழுகும்.

ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் தட்டலாம். தளர்த்தி இறுக்கியதில் லிஃப்டர்களில் ஆயில் குறைந்திருக்கும். 1500 ஆர்.பி.எம்.-ல் சில நிமிடம் வையுங்கள், அடங்கிவிடும். பிறகு வேக்குவம் கேஜை மாட்டிப் பாருங்கள். கடல்மட்டத்தை ஒட்டிய ஊரில் நல்ல 350 ஸ்லோவில் 17 முதல் 21 அங்குலம் காட்டும். முள் சீராக நின்றால் நிம்மதி. தாளம் தப்பாமல் இடையிடையே விழுந்து எழுந்தால் ஏதோ ஒரு வால்வு முழுதாக மூடவில்லை. கம்ப்ரெஷன் பார்த்து அந்தச் சிலிண்டரைக் கண்டுபிடித்து, அதன் இரண்டு நட்டையும் மறுபடி ஜீரோவிலிருந்து தொடங்குங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு லிஃப்டர் மட்டும் விடாமல் தட்டினால் அது உள்ளே செத்துவிட்டது. மாற்ற இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டும். மற்ற லிஃப்டர்களையும் அப்போது வெளியே எடுப்பதாக இருந்தால், எது எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று எழுதி வைத்து அதே ஓட்டையில் போடுங்கள். ஒவ்வொன்றும் தன் கேம் மேட்டோடு சேர்ந்து தேய்ந்திருக்கும். இடம் மாற்றிப் போட்டால் இரண்டும் கெடும்.

ஒரு நூறு கிலோமீட்டர் ஓடியபின், காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பானெட்டைத் திறந்து கவரின் கீழ் ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் போல்ட்டுகளைக் கால் சுற்று இறுக்குங்கள்.